அத்தியாயம் 6: நோய்க்குப் பெயர் தெரியும்வரை

காய்ச்சல் மூன்று வாரமாக விட்டு விட்டு வருகிறது. அல்லது சாப்பாடு குறையாமலே உடம்பு இளைத்துக்கொண்டு போகிறது. அல்லது கை கால் உளைச்சலும் அசதியும் மாதக்கணக்கில் விட்டபாடில்லை. நான்கு டாக்டரைப் பார்த்தாயிற்று; ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், அல்லது யாருமே பெயர் சொல்லவில்லை. மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட் சேர்ந்துவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் "உனக்கு ஒண்ணுமில்ல, மனசைத் தேத்திக்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்கும், அவர்களைக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்கும் இந்த அத்தியாயம்.

இப்படி அலைகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இரண்டு: டாக்டரை மாற்றுவது, டெஸ்டைக் கூட்டுவது. சில நேரம் இரண்டும் தேவைப்படும். ஆனால் நோயைப் பிடித்துத் தருவது பெரும்பாலும் வேறு இரண்டு காரியங்கள்: நடந்ததைத் தேதி வாரியாக முழுதாகச் சொல்வது; ஒரே மருத்துவரிடம் விடாமல் திரும்பிப் போவது.

1975இல் பிரிட்டனில் ஹாம்ப்டன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் புதிதாக வந்த 80 புறநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அவர்களில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டதுமே மருத்துவர் எடுத்த முடிவுதான் கடைசிவரை நின்றது. உடம்பைச் சோதித்துப் பார்த்தது 7 பேருக்கு உதவியது. ஆய்வகப் பரிசோதனை இன்னும் 7 பேருக்கு. ஸ்கேன் பெருகிய இந்தக் காலத்திலும், எந்த ஸ்கேனை எந்த இடத்தில் எடுப்பது என்று தீர்மானிப்பது நீங்கள் சொல்லும் விவரந்தான்.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு அப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வண்டி வசதி இல்லையென்றால் 108.

- நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல்
- வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் விழுந்துபோதல், பேச்சுக் குழறல்
- காய்ச்சலோடு பிதற்றல், கழுத்து விறைப்பு, வலிப்பு
- ரத்த வாந்தி, கன்னங்கரேல் என்று மலம் போதல்
- திடீரென்று பார்வை மங்குதல்
- இரண்டு காலும் வலுவிழந்து, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு தப்புதல்
- உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் (14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்; ஆளைத் தனியாக விடக் கூடாது)

அவசரம் இல்லாவிட்டாலும் தள்ளிப்போடக் கூடாதவை சில உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்துக்குள் எடை இருபதில் ஒரு பங்கு குறைதல், கழுத்திலோ அக்குளிலோ மார்பிலோ கரையாத கட்டி, ஆறாத வாய்ப்புண், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப் போக்கு, தொட்டால் உணர்வில்லாத தேமல் போன்ற படை. இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பாருங்கள்.

மதுரை மண் சொல்லும் மூன்று பாடங்கள்

புரியாத நோயைப் புரிந்துகொண்ட வரலாறு மதுரைக்கு உண்டு. அதில் மூன்று சம்பவங்களைத் தெரிந்துகொண்டால், பின்னால் வரும் யோசனைகள் எதற்கு என்பது விளங்கும்.

முதலாவது, இந்த ஊரின் பெயரையே தாங்கிய நோய். உலக மருத்துவ நூல்களில் இன்றும் 'மதுரா ஃபுட்' என்று ஒரு நோய் இருக்கிறது. 1842இல் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். 1860இல் வாண்டைக் கார்ட்டர் இதற்கு 'மைசிட்டோமா' என்று பெயர் வைத்தார். வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் தைக்கிறது. தைத்த இடத்தில் சின்ன வீக்கம். வலி இல்லை. வலி இல்லாததால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. மாதங்கள் கழித்து வீக்கம் பெருத்து, அங்கங்கே துளை விழுந்து, சீழோடு குருணை குருணையாக வெளியே வரும். பார்வைக்கு ஒரே நோய், உள்ளே இரண்டு. குருணை கறுப்பாக இருந்தால் காரணம் பூஞ்சை. சிவப்போ மஞ்சளோ ஆனால் பாக்டீரியா. வெள்ளையாக இருந்தால் இரண்டில் எதுவும் இருக்கலாம். ஒன்றுக்குப் பூஞ்சைக்கொல்லி மருந்தும் பல நேரம் அறுவை சிகிச்சையும், மற்றதற்கு ஆன்டிபயாடிக். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்காமல் மருந்து கொடுத்தால் மாதக்கணக்கில் தப்பான மருந்தைச் சாப்பிட நேரும். உலக சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பாடம்: வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், மருத்துவர் பயாப்ஸி கேட்டால் "சதையை எடுத்தா பரவிடும்" என்று பயந்து மறுக்காதீர்கள்.

இரண்டாவது, வெள்ளமும் கண்ணும். 1993 கடைசியில் இந்தப் பக்கம் பெருமழையும் வெள்ளமும். அதற்குப் பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண் சிவந்து, பார்வை மங்கி வருகிறவர்கள் திடீரென்று அதிகமானார்கள். கண்ணின் உட்பகுதியில் அழற்சி, யுவியைட்டிஸ் என்பார்கள். மருத்துவர் ரத்தினமும் குழுவினரும் தேடிப் போனதில், எலி, மாடு ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல், காரணம் என்று தெரிந்தது. அதில் 73 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 1997இல் வெளியானது. இந்த நோயில் கண் பாதிப்பு, காய்ச்சல் வந்து போய் வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துத்தான் வரும். தண்ணீரில் நின்றதையும் அப்போது வந்த காய்ச்சலையும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பாடம்: இப்போதைய தொந்தரவுக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைக்கிற பழைய சங்கதிதான் சில நேரம் விடை.

மூன்றாவது, குளத்தில் குளித்த பிள்ளைகள். கிராமத்துச் சிறுவர்கள் சிலர் கண்ணுக்குள் வெள்ளை முடிச்சோடு அரவிந்துக்கு வந்தார்கள். ஊர்க் குளத்திலோ ஆற்றிலோ குளிக்கும் பழக்கம் அவர்களுக்குப் பொதுவாக இருந்தது. தட்டைப்புழு வகை ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம் என்று 2002இல் எழுதினார்கள். அது நத்தையில் வளரும் புரோசெரோவம் வேரியம் என்ற புழு என்பது மரபணுச் சோதனையில் உறுதியாகி 2016இல் வெளியானது. முழுப் பெயர் தெரிய இத்தனை வருடம். ஆனால் அதுவரை பிள்ளைகளைச் சும்மா அனுப்பவில்லை. சின்ன முடிச்சுக்குச் சொட்டு மருந்து, பெரியதை எடுத்துவிடுவது என்று சிகிச்சை நடந்தது. பாடம்: பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சை உண்டு. பெயர் கிடைக்கும்வரை மருத்துவரை விட்டுப் போகாமலிருப்பது உங்கள் வேலை.

உங்கள் கதையை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் டாக்டருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடம். அதில் பாதி நேரம் பையைப் பிரித்து ரிப்போர்ட் தேடுவதில் போய்விடுகிறது. அதனால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எழுதத் தெரியாதவர் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை எழுதச் சொல்லலாம். ஒரு மாதிரி இதோ. இந்த அத்தியாயத்துக்காக எழுதியது.

*வயது 46, பெண். திருமங்கலம் பக்கம் கிராமம்.*
*வேலை: மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுப்பது. வீட்டில் 8 ஆடு, 1 பசு.*
*முக்கியத் தொந்தரவு: சாயங்காலக் காய்ச்சல், 5 வாரமாக.*
*தொடக்கம்: மார்ச் 10 வாக்கில். அதற்கு முன் நன்றாக இருந்தேன்.*
*போக்கு: நாலைந்து நாள் வரும், இரண்டு மூன்று நாள் இருக்காது, திரும்ப வரும். இரவில் வேர்த்துக் கொட்டி ஜாக்கெட் நனைகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து இடுப்பு வலி. எடை 58லிருந்து 54.*
*இல்லாதவை: இருமல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல் இல்லை.*
*சாப்பிட்ட மருந்து: பாராசிட்டமால்; ஆன்டிபயாடிக் 5 நாள் (அட்டை கோப்பில் இருக்கிறது); மெடிக்கலில் கொடுத்த பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை 6.*
*வேறு: பிப்ரவரியில் ஓர் ஆடு குட்டியைப் பாதியில் தள்ளிவிட்டது. நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்துப் போட்டேன். பாலைச் சில நாள் காய்ச்சாமல் குடித்ததுண்டு.*
*பழைய நோய்: சர்க்கரை இல்லை. மாமனாருக்கு 4 வருடத்துக்கு முன் காசநோய், ஒரே வீடு.*

இதைப் படிக்கும் மருத்துவருக்குக் கடைசி இரண்டு வரியில் இரண்டு கதவு திறக்கிறது. ஆடு குட்டி தள்ளியதும் காய்ச்சாத பாலும் புருசெல்லோசிஸை நினைவூட்டும். ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு வரும் இந்த நோய் விட்டு விட்டுக் காய்ச்சலும் இடுப்பு வலியுமாக இழுக்கும், கேட்டு வாங்கினால்தான் பரிசோதனை நடக்கும். மாமனாரின் காசநோய் முதுகெலும்புக் காசநோயை நினைவூட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. "காய்ச்சல், இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லியிருந்தால் வலி மாத்திரையோடு திரும்பியிருப்பார்.

உங்கள் பக்கத்தை எழுதும்போது இவற்றை விடாதீர்கள்:

*தொழிலும் தண்ணீரும்.* செங்கல் சூளை, நெசவு, கல்குவாரி, பட்டாசு, பூந்தோட்டத்தில் மருந்தடிப்பது, கிடை போடுவது எதுவானாலும் எழுதுங்கள். குடிப்பது போர் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா, குளிப்பது கண்மாயிலா என்பதையும் எழுதுங்கள். நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊரில் வருடக்கணக்கில் குடித்தவருக்கு வரும் மூட்டு, முதுகு விறைப்பை வாதம் என்று நினைத்து மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு.

*எந்த மாதிரி அசதி.* நடந்தால் மூச்சு வாங்குகிற அசதி ரத்தசோகையையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லும். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாத, கொண்டை போடக் கையைத் தூக்க முடியாத அசதி தசை பலவீனம். எட்டு மணி நேரம் தூங்கியும் எதிலும் மனம் ஒட்டாத அசதி தைராய்டாக இருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். கிறுகிறுப்பும் அப்படித்தான்: அறை சுற்றுகிறதா, எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள்.

*காய்ச்சல் என்றால் அளவு.* உள்காய்ச்சல் என்று சொன்னால் போதாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரால் காலை, மதியம், மாலை, இரவு என நான்கு வேளை, மாத்திரை போடுவதற்கு முன், தேதியோடு எழுதுங்கள். 101 டிகிரி தாண்டி மூன்று வாரம் நீடிக்கும் காய்ச்சலை மருத்துவர்கள் தனி வகையாக வைத்துத் தேடுகிறார்கள். அந்த வரையறை 1961இல் பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இருவர் வகுத்தது.

*உடம்பு முழுவதும்.* காய்ச்சல்காரரைக் குளிக்கும்போது வீட்டில் ஒருவர் தலை முதல் கால்வரை பார்க்க வேண்டும். செடி கொடிகளில் இருக்கும் நுண்ணிய பூச்சிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில், பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடம், விதைப்பைப் பக்கம் என்று ஒளிந்துகொண்டிருக்கும். அதைக் காட்டினால் போதும், மருத்துவர் அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிடுவார். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கும். காட்டாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம்வரை போய் உயிருக்கே ஆபத்து. கூச்சம் இதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

கோப்பு ஒன்று, அதில் மருந்தும்

கடையில் பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பு வாங்குங்கள். மேலே உங்கள் ஒரு பக்கம். அடுத்து ரிப்போர்ட்டுகள், புதியது மேலாகத் தேதி வரிசையில். ஒவ்வொரு டாக்டர் சீட்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் என்றால் தாளில் உள்ள முடிவு மட்டும் போதாது. படத்தையோ சிடியையோ வாங்கி வையுங்கள். பயாப்ஸி எடுத்திருந்தால், இரண்டாவது கருத்துக்குப் போகும்போது சிலைடையும் மெழுகு பிளாக்கையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கலாம். அதே சதையை இன்னொரு நோய்க்கூறு மருத்துவர் பார்க்க முடியும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. சண்டை போட வேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

மருந்தை மறைக்காதீர்கள். இது மிக முக்கியம். கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பெயரில்லாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருப்பதுண்டு. சாப்பிட்ட இரண்டு நாளில் பசி எடுக்கும், வலி போகும், காய்ச்சல் இறங்கும். நோய் உள்ளே வளரும். அதைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. சில ஆன்டிபயாடிக் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். சீட்டு ஒட்டாத பஸ்பம், செந்தூரம், சூரணம் சாப்பிட்டிருந்தால் மிச்சத்தை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள். முறையாகச் செய்யப்படாத மருந்தில் ஈயம் கலந்திருந்தால் வயிற்று வலியும் ரத்தசோகையும் வரலாம். மந்திரித்தது, கோடாங்கி பார்த்தது, குறி கேட்டது எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உள்ளுக்குச் சாப்பிட்டதை மட்டும் ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

முட்டி வலித்தால் எலும்பு டாக்டர், தலை வலித்தால் நரம்பு டாக்டர், வயிறு வலித்தால் குடல் டாக்டர் என்று நாமே பிரித்துக்கொண்டு போவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் உறுப்பைப் பார்த்து "என் பக்கம் ஒன்றுமில்லை" என்று சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும். மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு என நான்கு டாக்டரிடம் நான்காகப் போனது ஒரே நோயாக, லூபஸாக இருக்கலாம். அதனால் பல உறுப்பைத் தொடும் தொந்தரவுக்கு முதலில் பொது மருத்துவம் படித்த ஒருவர் வேண்டும். அவரையே தலைமையாக வைத்துக்கொண்டு, அவர் அனுப்பும் இடத்துக்குப் போய், முடிவை அவரிடமே கொண்டு வாருங்கள்.

கிராமத்தில் இருப்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். ரத்தம், சிறுநீர், சர்க்கரை, சளி ஆகிய அடிப்படைப் பரிசோதனைகளுக்கு அங்கே வழி உண்டு. அடுத்து உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள். அதற்கு மேல் கோரிப்பாளையம் அருகே அரசு இராசாசி மருத்துவமனை, ஊரார் சொல்கிற பெரியாஸ்பத்திரி. மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது என்பதால் பெரும்பாலான துறைகள் அங்கேயே உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போடுங்கள், பொது மருத்துவப் பிரிவு என்றே கேளுங்கள். பயிற்சி மருத்துவர் நீளமாகக் கேள்வி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்த நீளமான கேள்விதான். படுக்கையில் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் சம்மதிப்பது நல்லது. ஒரு வாரம் வார்டில் இருந்தால் காய்ச்சலின் போக்கே சாட்சி சொல்லும்.

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. சில நோயறியும் பரிசோதனைகளும் அதில் அடங்கும். எது அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்ட்டரில் முன்கூட்டியே கேளுங்கள். சந்தேகத்துக்கு 104 எண்ணில் பேசலாம்.

வேலூர் சிஎம்சிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போவதானால், உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். "இதுவரை இன்னது பார்த்தோம், இன்னது இல்லையென்று தெரிந்தது, இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்" என்று அதில் இருக்க வேண்டும். கேள்வி இல்லாமல் போனால் அங்கேயும் முதலிலிருந்து தொடங்குவார்கள். லாட்ஜ் வாடகைதான் ஏறும்.

டாக்டரின் அறையில்

முதல் ஒரு நிமிடத்தில் முக்கியமான தொந்தரவையும் அது தொடங்கிய நாளையும் சொல்லுங்கள். செல்போனில் படித்த நோயின் பெயரோடு தொடங்காதீர்கள். பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும். மனதில் பயம் இருந்தால் கடைசியில் நேராகக் கேளுங்கள்: "கேன்சரா இருக்குமோன்னு பயமா இருக்கு சார், அப்படி இருக்க வாய்ப்பு உண்டா?"

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். ஆனால் மாதவிலக்கு, தாம்பத்யம், குடிப்பழக்கம், வீட்டில் அடி உதை ஆகியவற்றைப் பேச வேண்டியிருந்தால், "இவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டும் டாக்டர்" என்று சொல்வதில் தவறே இல்லை. பெண்களின் வலியை "வேலை ஜாஸ்தி", "நிக்கிற வயசு" என்று ஒதுக்கும் பழக்கம் வீட்டிலும் உண்டு, வெளியிலும் உண்டு. மாடிப்படி ஏற முடியவில்லை, குடம் தூக்க முடியவில்லை, வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்று காரியமாகச் சொல்லுங்கள். அதை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

கிளம்பும் முன் மூன்று கேள்வி:

1. இது எதுவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வேறு எதுவாகவும் இருக்கலாமா?
2. நான் சொன்னதில் இந்த நோய்க்குப் பொருந்தாதது ஏதாவது இருக்கிறதா?
3. எத்தனை நாளில் குறைய வேண்டும்? குறையாவிட்டால் என்றைக்கு வரட்டும்?

மூன்றாவது கேள்வியின் விடையைத் தேதியாக எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் அதே டாக்டரிடம் போங்கள். முதல் மருந்து கேட்கவில்லை என்பதும் அவருக்கு ஒரு தகவல். நீங்கள் வேறிடம் போய்விட்டால் அந்தத் தகவல் வீணாகிறது. புதியவர் அதே முதல் மருந்தை இன்னொரு பெயரில் எழுதுவார்.

டெஸ்டைப் பற்றி

நம் பக்கத்தில் காய்ச்சல் என்றதும் விடால் பரிசோதனை எடுத்து "டைஃபாய்டு லேசா இருக்கு" என்று சொல்வது சாதாரணம். முன்பு எப்போதோ வந்துபோன தொற்றாலும், வேறு காய்ச்சலாலும் இது பாசிட்டிவ் காட்டும். ஒரு தடவை எடுத்த விடாலை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர் எடுப்பதே டைஃபாய்டுக்கு உறுதியான வழி. காய்ச்சல் ஒரு வாரம் தாண்டியும் கல்ச்சர் எடுக்கவில்லையென்றால், "கல்ச்சர் எடுத்துப் பார்க்கலாமா சார்?" என்று கேளுங்கள்.

'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் விடை தேடாதீர்கள். ஆய்வகத் தாளில் உள்ள 'நார்மல்' எல்லை, பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 100க்கு 95 பேர் அடங்கும்படி வகுத்தது. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனை எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டிக் காட்ட 100க்கு 64 வாய்ப்பு. அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஆறு மாதம் போகும்.

கேள்வியோடு எடுக்கும் டெஸ்ட் வேறு. நீண்ட நாள் தொந்தரவுக்கு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இஎஸ்ஆர், சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே ஆகியவை நியாயமான தொடக்கம். சுத்த சைவம் சாப்பிடுபவருக்குக் கால் மரத்தால் வைட்டமின் பி12 பார்ப்பது நல்லது. காசநோய்ச் சந்தேகம் இருந்தால் அரசு மையத்தில் சிபிநாட் பரிசோதனை இலவசம்; நுரையீரலில் மட்டுமல்ல, கழுத்துக் கழலையிலும் முதுகெலும்பிலும் குடலிலும் காசநோய் வரும், அப்போது சளி சுத்தமாக இருக்கும். எச்ஐவி பரிசோதனை நம்பிக்கை மையத்தில் இலவசம், ரகசியம். டாக்டர் கேட்டால் அவமானமாக நினைக்காதீர்கள், எல்லோரிடமும் கேட்பதுதான்.

"எல்லாம் நார்மல்" என்று சொன்னால்

எடுத்த டெஸ்டுகளில் எதுவும் தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். வலி பொய் என்று அர்த்தமில்லை. "எந்தெந்த நோய் இல்லையென்று உறுதியாகிவிட்டது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் முன்னேற்றம்.

மனச்சோர்வும் பதற்றமும் உடம்பு வலியாக, படபடப்பாக, வயிற்றுக் கோளாறாக வருவது உண்மை. அவை முறையான நோய்கள், மருந்தும் ஆலோசனையும் பலன் தரும். ஆனால் ரிப்போர்ட் நார்மல் என்பதை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக் கூடாது. தூக்கம், பசி, ஆர்வம், துக்கம், பயம் ஆகியவற்றைக் கேட்டு விசாரித்து, அதற்கான அடையாளங்கள் இருந்தால்தான் அப்படிச் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போங்கள். போகும்போதே, "உடம்புப் பக்கத் தேடலையும் நிறுத்த வேண்டாம் சார்" என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பெயர் கிடைக்கத் தாமதமானாலும் வலி, தூக்கம், சாப்பாடு, எடை ஆகியவற்றைக் கவனிக்கும் சிகிச்சை நிற்கக் கூடாது. புதிய அறிகுறி ஒன்று வந்தால், வேண்டாமென்று விட்ட பழைய டெஸ்டைத் திரும்ப எடுப்பது நியாயம். நோய் முற்றும்போதுதான் சில அடையாளம் வெளியே தெரியும். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி தொந்தரவு என்றால் மரபணு ஆலோசனை கேளுங்கள். 2021இன் தேசிய அரிய நோய்கள் கொள்கையின் கீழ் இதற்கென்று உயர்சிறப்பு மையங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. பெயர் தெரியாத நோய்களைத் தேடுவதற்கென்றே அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம் 2008இல் தனித் திட்டம் தொடங்கியது. அவ்வளவு வசதி உள்ள இடத்திலும் எல்லோருக்கும் விடை கிடைப்பதில்லை. ஆகவே விடை தாமதமாவது உங்கள் குற்றமும் அல்ல, உங்கள் டாக்டர் திறமையற்றவர் என்பதற்கு அடையாளமும் அல்ல.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

- இன்று: ஒரு பக்கக் கதையை எழுதுங்கள். தெர்மாமீட்டர் வாங்குங்கள். எடையைப் பார்த்துக் குறியுங்கள்.
- நாளை: ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் கோப்பில் அடுக்குங்கள். மருந்து அட்டைகளை ஒரு கவரில் போடுங்கள்.
- மூன்று நாளைக்கு: நான்கு வேளைக் காய்ச்சல், வலி வந்த நேரம், சாப்பிட்டது, வேலைக்குப் போனதா இல்லையா என்று எழுதி வாருங்கள்.
- வாரக் கடைசிக்குள்: பொது மருத்துவர் ஒருவரைத் தேர்ந்து, கோப்போடு போய், மூன்று கேள்வியையும் கேளுங்கள்.
- அவர் சொன்ன தேதியில்: குறைந்திருந்தாலும் குறையாவிட்டாலும் திரும்பப் போங்கள். குறையவில்லை என்று சொல்லத் தயங்காதீர்கள். அவர் அடுத்த நோயை யோசிக்கத் தொடங்குவது அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான்.